கடலிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு: சி.ஆர்.இசட். அனுமதிச் சேவை எப்படி இருக்கிறது?

பத்திரப்பதிவு அலுவலகத்தில் கடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எதிலும் கடல் வராது. தாய்ப்பத்திரம் நாற்பது வருடத்துக்குச் சுத்தமாக இருக்கலாம். மனை வரன்முறை செய்யப்பட்ட லேஅவுட்டில் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, பிளான் அப்ரூவலுக்குக் கொடுத்த பிறகுதான் "இந்த சர்வே எண் சி.ஆர்.இசட். எல்லைக்குள் வருகிறது" என்று கடிதம் வரும். சி.ஆர்.இசட். என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம்.

தமிழ்நாட்டில் கடற்கரையோரம் வீடு கட்ட வாங்கவேண்டிய இந்தச் சுற்றுச்சூழல் அனுமதியை ஒரு சேவையாக எடைபோட்டால் முதல் குறை இதுதான். முதலில் கிடைக்கவேண்டிய பதில் கடைசியில் கிடைக்கிறது. சட்டத்தில் பெரிய பழுதில்லை, வரைபடங்களும் நம்பும்படி இருக்கின்றன. வரிசைதான் தலைகீழ். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மனை வாங்குபவர் அந்த வரிசையைத் தானே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். எப்படி என்பதைத்தான் கீழே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

எந்த விதி உங்களுக்கு?

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரி 19-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2011 ஜனவரி 6-இல் ஒன்று, 2019 ஜனவரி 18-இல் இன்னொன்று. புரோக்கர்களும் சில இன்ஜினியர்களும் "2019-லயே ரூல் மாறிடுச்சு சார், இப்ப 50 மீட்டர்தான்" என்பார்கள். பாதி உண்மை. மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் 2019 விதிப்படி திருத்தப்பட்டு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒப்புதல் பெறும்வரை 2011 விதிகளே செல்லும் என்று 2019 அறிவிக்கையே சொல்கிறது. ஆகவே முதல் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "இந்த மாவட்டத்துக்கு இன்றைய தேதியில் நடப்பில் உள்ள ஒப்புதல் பெற்ற வரைபடம் எந்த அறிவிக்கையின் கீழ் வந்தது?" இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வாங்கிய மனைகள்தான் பிறகு "கடல் பார்த்த மனை, அவசர விற்பனை" என்று விளம்பரத்துக்கு வருகின்றன.

எல்லை இதுதான். கடல் முகப்பில் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர். கழிமுகம், உப்பங்கழி, ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) ஏறும் ஆறு ஆகியவற்றின் கரையில் 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், 2019 விதிப்படி 50 மீட்டர் அல்லது அகலம். இரண்டிலும் எது குறைவோ அது. ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதை உப்புத்தன்மை வைத்து முடிவு செய்கிறார்கள். வருடத்தின் மிக வறண்ட பருவத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை அது ஓத நீர்நிலைதான்.

இந்த இரண்டாவது எல்லையில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், கொல்லைப்புறம் ஒரு கால்வாய் ஓடும். அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு உப்பங்கழி, அதன்வழி உப்புநீர் ஏறும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதிகள் போன்ற இடங்களில், கடலே கண்ணுக்குத் தெரியாத மனைக்கும் சி.ஆர்.இசட். கேள்வி வரும். மனை பார்க்கப் போகும்போது கிழக்கே மட்டும் பார்க்காமல் மேற்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

உயர் அலைக் கோடும் வரைபடமும்

சேவையின் இதயம் இதுதான். மற்ற எல்லாம் இதன் மேல் எழுதப்படும் கடிதங்கள்.

உயர் அலைக் கோடு என்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிவரும் பெரிய ஓதத்தின்போது நீர் ஏறும் உச்ச வரம்பு. நாம் போகும் நேரத்தில் அலை காலை நனைக்கும் இடம் அதுவல்ல. கூகுள் படத்தில் தெரியும் ஈர மணலும் அதுவல்ல. அந்தப் படம் எந்த ஓத நேரத்தில், எந்தப் பருவத்தில் எடுத்தது என்று நமக்குத் தெரியாது. மணல் திட்டின் விளிம்பு, குப்பை ஒதுங்கும் வரிசை, நிரந்தரச் செடிகொடி தொடங்கும் இடம், கல் தடுப்பு போன்ற தடயங்களைக் களத்தில் பார்த்து இந்தக் கோட்டைக் குறிக்கிறார்கள். அதைக் குறிக்க எல்லா சர்வேயருக்கும் அதிகாரம் கிடையாது. மத்திய அமைச்சகம் அங்கீகரித்த நிறுவனங்களுக்கு மட்டும்தான் உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அப்படி ஒன்று. அதே வளாகத்தில் உள்ள தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் இன்னொன்று.

அளவுகோல் விஷயத்தைக் கவனியுங்கள். ஒப்புதல் பெற்ற மாநிலத் திட்ட வரைபடம் 1:25,000. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனில் அச்சான கோடு 12.5 மீட்டரை விழுங்கிவிடும். ஒரு கிரவுண்டு மனையின் அகலமே அவ்வளவுதான். எனவே அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து "கோட்டுக்கு வெளியே" என்று முடிவு கட்டுவது சூதாட்டம். அனுமதிக்குக் கேட்கப்படுவது 1:4000 அளவுகோல் வரைபடம். அதில் அதே அரை மில்லிமீட்டர் 2 மீட்டர்தான். சர்வே எண்ணின் எல்லைகள், உயர் அலைக் கோடு, தாழ் அலைக் கோடு, கட்டக்கூடாத பகுதியின் எல்லை, 500 மீட்டர் கோடு, கட்டப்போகும் வீட்டின் அடித்தளப் பரப்பு எல்லாம் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கவேண்டும்.

இந்த வரைபடத்துக்குப் போகும்போது கையில் இருக்கவேண்டியவை: பட்டா, உட்பிரிவு வரையிலான புல வரைபடம் (எஃப்.எம்.பி.), பத்திர நகல், கட்டட அமைப்பின் வரைவு, மனை மூலைகளின் ஆயத்தொலைவுகள். தவறு பெரும்பாலும் புல வரைபடத்தில்தான் நடக்கிறது. பத்திரத்தில் 45/3பி என்று இருக்கும், பட்டாவில் உட்பிரிவு ஆகாமல் 45/3 என்றே நிற்கும். (எண்கள் உதாரணத்துக்கு.) நிறுவனம் பட்டாவில் உள்ளதைத்தான் வரையும். பிறகு திட்ட அனுமதி விண்ணப்பத்தில் வேறு எண் இருந்தால் கோப்பு திரும்பும். உட்பிரிவை முதலில் முடித்துவிட்டு வரைபடத்துக்குப் போங்கள். இரண்டாவது தவறு, மூலைக்கற்கள் இல்லாத மனை. கைபேசி ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் அங்கே இங்கே காட்டும். டி.ஜி.பி.எஸ். கருவி சென்டிமீட்டர் கணக்கில் காட்டினாலும், எந்த இடத்தில் அதை வைப்பது என்று சொல்லக் கல் வேண்டுமே. கல் காணாமல் போயிருந்தால் நில அளவைத் துறையில் அத்து அளவைக்கு மனுக் கொடுத்து நட்டுக்கொள்வது முதல் வேலை.

"சி.ஆர்.இசட். மேப் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று டிராயிங் ஆபீஸ்கள் கூகுள் எர்த்தின் மேல் கோடு போட்டுக் கொடுப்பது உண்டு. மனை தேடும்போது ஒரு முன்னோட்டமாகப் பார்க்கலாம். கோப்பில் வைத்தால் தாள் செலவு.

எங்கள் மதிப்பீட்டில் இந்த முழுச் சேவையிலும் கொடுத்த பணத்துக்கு நேர்மையான பலன் கிடைப்பது இந்த வரைபடத்தில்தான். குறை ஒன்றே ஒன்று. இதை விற்பவரிடம் கேட்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் வாங்குபவருக்குச் சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் 1:4000 வரைபடத்தில் மனை கட்டக்கூடாத பகுதியில் விழுந்தால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும். இந்த வரிக்கு முகம் சுளிக்கும் விற்பனையாளருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும்.

500 மீட்டர் கோடு மனையைக் குறுக்கே வெட்டினால் அதிர்ஷ்டம் என்றே கொள்ளலாம். வீட்டை வெளிப்பகுதிக்கு நகர்த்தி, உள்ளே விழும் பகுதியைத் தோட்டமாக விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தோட்டத்தில் போர் போடுவது, மேட்டைத் தட்டிச் சமப்படுத்துவது, சுற்றுச்சுவர் எழுப்புவது ஆகியவை மண்டலத்துக்குள் செய்யும் வேலைகளாகவே பார்க்கப்படும்.

வகைதான் வீட்டைத் தீர்மானிக்கிறது

வரைபடம் வந்ததும் மனை எந்த வகையில் விழுகிறது என்று பாருங்கள். சி.ஆர்.இசட். 1ஏ என்றால் பேச்சே இல்லை: அலையாத்திக்காடு, பவளப்பாறை, மணல்மேடு, கடலாமை முட்டையிடும் இடம், கடற்புல் படுகை, உப்புச் சதுப்பு போன்றவை. 1பி என்பது தாழ் அலைக்கும் உயர் அலைக்கும் இடைப்பட்ட நிலம், வகை 4 நீர்ப்பரப்பு. வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது வகை 2-ம் 3-ம்.

வகை 2 நகரப் பகுதி. பாதிக்கு மேற்பட்ட மனைகளில் ஏற்கெனவே கட்டடம் வந்து, சாலை, குடிநீர், வடிகால் எல்லாம் உள்ள இடம். இங்கே ஒரே ஒரு பெரிய நிபந்தனை. ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புது வீடு வரவேண்டும். அந்தச் சாலைக்குக் கடல் பக்கமாகப் புதிதாக ஒரு சாலை போட்டு, அதைக் காட்டி அனுமதி கேட்க முடியாது. "ஏற்கெனவே" என்றால் 2011 அறிவிக்கையின்படி 1991 பிப்ரவரி 19 அன்று இருந்தது. இதை நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரருடையது. இன்று காரில் போய்வரும் தார்ச்சாலை சான்று ஆகாது. அந்தத் தேதிக்கு முன் அங்கீகாரம் பெற்ற லேஅவுட் படம், உள்ளாட்சியின் பழைய சாலைப் பதிவேடு, நில அளவைப் படத்தில் சாலைக்குத் தனி சர்வே எண், 1991-க்கு முந்தைய பக்கத்து மனைப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் "கிழக்கே 30 அடி ரோடு" என்று வரும் வரி: இவற்றில் குறைந்தது இரண்டு கையில் இருக்கட்டும். பக்கத்து வீட்டைக் காட்டுவதாக இருந்தால் அந்த வீட்டின் அனுமதி எண் வேண்டும். வீடு பழையது என்பது போதாது, அங்கீகாரம் பெற்றது என்பதும் வேண்டும்.

தளப்பரப்புக் குறியீட்டிலும் (எஃப்.எஸ்.ஐ., மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு) ஒரு பொறி உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் உள்ள இன்றைய எஃப்.எஸ்.ஐ.யை வைத்து ஆர்க்கிடெக்ட் வரைந்து கொடுத்துவிடுவார். ஆனால் சி.ஆர்.இசட். அறிவிக்கைகள் எஃப்.எஸ்.ஐ.யைப் பழைய தேதியில் உறையவைத்தவை. 2011 அறிவிக்கை 1991-ஆம் ஆண்டு அளவிலும், 2019 அறிவிக்கை அது வெளிவந்த தேதியின் அளவிலும் நிறுத்துகின்றன. எது பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு பேனாவை எடுக்கச் சொல்லுங்கள். தென்சென்னைக் கடற்கரையில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் உண்டு: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாம் முழுமைத் திட்டத்தில் நிலத்தடி நீர் ஊட்டல் பகுதி என்று குறித்த இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. மாமல்லபுரம் பக்கம் என்றால் தொல்லியல் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்டும் பகுதி. இவற்றில் எதுவும் சி.ஆர்.இசட். கோப்பில் தானாக வந்து சேராது.

வகை 3 ஊரகப் பகுதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகர எல்லை தாண்டியதும் விற்பனைப் பலகைகள் அடர்த்தியாக நிற்பது இங்கேதான், ஆபத்தும் இங்கேதான் அதிகம். 2011 விதிப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டக்கூடாத பகுதி. அங்கீகாரம் பெற்ற பழைய வீட்டை அதே அடித்தளப் பரப்பு, அதே எஃப்.எஸ்.ஐ.யில் பழுது பார்க்கலாம், திரும்பக் கட்டலாம். புது வீடு கிடையாது. 2019 விதி இதை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்த பகுதி 3ஏ, அங்கே 50 மீட்டர். அதற்குக் குறைவாக இருந்தால் 3பி, அங்கே பழையபடி 200. அந்த 50 மீட்டர் சலுகையும் புதிய வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். புரோக்கர் சொல்லும் "50 மீட்டர்" இந்த இரண்டு நிபந்தனைகளையும் சௌகரியமாக விட்டுவிடும்.

கட்டக்கூடாத பகுதி தாண்டியதும் 500 மீட்டர் வரை வீடு கட்டலாம் என்பதற்கும் ஒரு கொக்கி இருக்கிறது. அறிவிக்கையின் வாசகம், மீனவக் கிராமம் போன்ற மரபுரிமை, வழக்கப் பயன்பாட்டின் வரம்புக்குள் வரும் குடியிருப்பு என்கிறது. ஊருக்குச் சம்பந்தமில்லாதவர் வயல்வெளியை மனையாக்கி வாங்கி வார இறுதி வீடு கட்டுவது அந்த வாசகத்துக்குள் அடங்குமா என்று கேள்வி எழும்போது பதில் உங்கள் பக்கம் இருக்கும் என்று எண்ணி முதலீடு செய்யாதீர்கள். அதே கிராமத்தில், அதே பட்டையில், சமீபத்தில் யாருக்கு என்ன அடிப்படையில் அனுமதி கிடைத்தது என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் கூட்டக் குறிப்புகளில் தேடிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும். கேட்கத் தாராளமாக இருக்கும், கணக்குப் போட்டால் இடிக்கும். பீடம் 0.9 மீட்டர், இரண்டு தளமும் சிலாப் சேர்த்து 3.15 வீதம் 6.3, ஆக 7.2. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் என்றால் 8.2. இதுவரை சரி. படிக்கட்டு ஹெட்ரூம் 2.4 மீட்டர் வைத்தால் 7.2 + 2.4 = 9.6. அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி வேறு. அறிவிக்கை சொல்வது ஒட்டுமொத்த உயரம். ஹெட்ரூமைத் தவிர்த்து வெளிப்படிக்கட்டு வைப்பது வழக்கமான தீர்வு. புயல் நீருக்குப் பயந்து தூண்மேல் தூக்கிக் கட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஸ்டில்ட் தளத்தையும் ஒரு தளமாக எண்ணுவார்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள். கடலோரத்துக்கு மிகப் பொருத்தமான வடிவமைப்பைச் சட்டமே தண்டிக்கிறது. இது விதியின் குறை, அலுவலகத்தின் குறை அல்ல.

இன்னொரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. 2011 விதிப்படி மீனவர் உள்ளிட்ட மரபான கடலோரச் சமூகத்தினருக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்ட இடமுண்டு. ஆனால் அதற்கு மாநில அரசு அச்சமூகத்துடன் கலந்து விரிவான திட்டம் தயாரித்து, பேரிடர், சுகாதார ஏற்பாடுகளுடன் டெல்லிவரை ஒப்புதல் வாங்கவேண்டும். தனி ஒரு குடும்பம் மனுக் கொடுத்து நடத்திக்கொள்ளக்கூடிய காரியம் அல்ல இது. தலைமுறையாகக் கடலோரத்தில் இருப்பவருக்குப் பாதை நீளம். வகை 2-இல் மனை வாங்கிய பணக்காரருக்குக் குறுக்கு. சேவையின் நியாயத்துக்கு மதிப்பெண் போட்டால் இந்த இடத்தில் தோல்வி.

300 சதுர மீட்டர் சலுகை

2019 அறிவிக்கையின்படி சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும், மொத்தக் கட்டுமானப் பரப்பு 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீட்டுக்கு, அதாவது சுமார் 3,229 சதுர அடிக்கு, மாநில ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. உள்ளாட்சியே ஒப்புதல் தரலாம். நல்ல மாற்றம். ஆனால் இதைச் "சி.ஆர்.இசட். விலக்கு" என்று படிப்பவர்கள் ஏராளம். விலக்கு பரிந்துரைக்கு மட்டும்தான், விதிக்கு அல்ல. கட்டக்கூடாத பகுதி, சாலைக்கு நிலப்பக்கம், உயரம் எல்லாம் அப்படியே பொருந்தும். உள்ளாட்சி அவற்றைப் பரிசீலித்துத்தான் ஒப்புதல் தரவேண்டும் என்றும் அதே பத்தி சொல்கிறது. எனவே வரைபடத்தை உள்ளாட்சிக் கோப்பிலும் வையுங்கள், ஒப்புதல் கடிதத்தில் சி.ஆர்.இசட். பரிசீலிக்கப்பட்டது என்ற வாசகம் வரும்படி கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், கேரளத்தின் மரடு. அங்கே 2006-இல் ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதியில், கடலோர ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் எழுந்த அடுக்குமாடிகளை இடிக்க 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உள்ளாட்சியின் முத்திரை இருந்தது, குடியேறியவர்கள் இருந்தார்கள், கடன் போய்க்கொண்டிருந்தது.

பரப்பைக் கணக்கிடும்போது படிக்கட்டு, கார் நிறுத்தம், மொட்டைமாடி அறை எல்லாம் சேர்த்து 300-க்குள் வைப்பது பாதுகாப்பு. 298 என்று வரைந்து, கட்டும்போது ஒரு பால்கனி கூட்டினால் சலுகை போச்சு. வாடகைக்கு, விற்பனைக்கு, விருந்தினர் விடுதிக்கு என்று தெரிந்தால் "சொந்தக் குடியிருப்பு" என்ற சொல்லே அடிபடும்.

கோப்பு போகும் வழி

300-ஐத் தாண்டினால், அல்லது உங்கள் பகுதிக்கு இன்னும் 2011 விதியே என்றால், கோப்பு நீளமாகப் பயணிக்கும். திட்ட அனுமதி தருவது சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) அல்லது உள்ளாட்சி. சி.ஆர்.இசட். பரிசீலனை முதலில் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில். அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்தான் கோப்பை நடத்துபவர். களப் பார்வை, மாவட்டப் பரிந்துரை, பிறகு மாநில ஆணையம், அதன் பரிந்துரை திட்ட அனுமதி தரும் அமைப்புக்கு. மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் இணையவழி விண்ணப்பத்துக்கு வழி இருக்கிறது. இணையத்தில் பதிவேற்றியதும் வேலை முடிந்தது என்று இருக்காமல், மாவட்ட அளவில் நகல் தொகுப்பு கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. "முழுமையான" என்ற அந்த ஒரு சொல்லில்தான் மாதங்கள் கரைகின்றன. ஒரு தாள் குறைந்தால் விண்ணப்பம் முழுமை ஆகாது, கடிகாரம் ஓடாது. தவிர, ஆணையம் தினமும் கூடும் அலுவலகம் அல்ல. இந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம் தவறினால் அடுத்த கூட்டம்தான். ஆணையத்தின் பதவிக்காலம் முடிந்து மறு அமைப்பு தாமதமானால் எல்லாக் கோப்பும் அப்படியே நிற்கும். விண்ணப்பதாரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: முதல் தடவையே குறை சொல்ல முடியாதபடி கொடுப்பது.

தனி வீட்டுக் கோப்புகள் திரும்புவதற்குத் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள்: வரைபடத்தில் உள்ள வீட்டுப் பரப்பும் திட்ட வரைபடத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகாதது. கழிவுநீர் எங்கே போகும் என்று சொல்லாதது. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று சொல்லாதது. கடைசி இரண்டையும் வீட்டுக்காரர்கள் அற்பமாக நினைக்கிறார்கள், ஆணையம் அப்படி நினைப்பதில்லை.

தண்ணீர் விஷயம் இப்படி. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது தடை. உள்ளூர்ச் சமூகத்தினர் தங்கள் பயனுக்கு எடுப்பது மட்டும் விலக்கு. 200 முதல் 500 வரை வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது, கைமுறையாக, சாதாரணக் கிணற்றிலிருந்து மட்டும். போர்வெல்லும் மோட்டாரும் இதில் இல்லை. எனவே "போர் போட்டுக்கொள்வோம்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் நீங்களே நிராகரிப்புக்குக் காரணம் எழுதித் தருகிறீர்கள். குடிநீர் வாரிய இணைப்பா, ஊராட்சிக் குழாயா, லாரித் தண்ணீரா என்று தெளிவாகக் காட்டுங்கள். மழைநீர் சேகரிப்பைப் படத்தில் அளவுகளோடு வரையுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் கசியாத தொட்டி என்று காட்டும் குறுக்குவெட்டுப் படம் வேண்டும். கடற்கரை மணலில் தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கும், உறை இறக்கிய சோக்பிட் மழைக்காலத்தில் நிலத்தடி நீரோடு கைகோத்துக்கொள்ளும். கேள்வி வருவது இதனால்தான்.

இன்னொரு தற்கொலை முயற்சி, விண்ணப்பத்துக்கு முன்பே ஜே.சி.பி. விட்டு மனையைச் சமப்படுத்துவது. அடும்புக்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மேடு உங்களுக்குப் புதர், ஆணையத்துக்கு மணல்மேடு. மணல்மேட்டைக் கலைப்பது அறிவிக்கையின் தடைப்பட்டியலில் நேரடியாக இருக்கிறது. களப் பார்வைக்கு வருபவர் பழைய செயற்கைக்கோள் படத்தோடு வருவார். ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்ட மீறலுக்குத் தண்டத்தொகை 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை போகலாம். தண்டம் கட்டினாலும் அனுமதி கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

ஆலோசகர் தேவையா?

வகை 2-இல், சாலைக்குத் தெளிவாக நிலப்பக்கம் உள்ள ஒரு கிரவுண்டு மனைக்குத் தேவையில்லை. நல்ல பதிவுபெற்ற இன்ஜினியரும், பொறுமையாகத் தாள்களை அடுக்கும் ஒருவரும் போதும். ஓத நீர்நிலை, வகை 3, பழைய சாலைச் சான்று போன்ற சிக்கல் இருந்தால் ஆலோசகர் தன் கட்டணத்துக்கு ஈடு செய்வார். அவரைச் சோதிக்க ஒரு கேள்வி: "இதே கிராமத்தில் ஆணையம் கடைசியாகப் பரிசீலித்த வீட்டுக்கு என்ன நிபந்தனை போட்டார்கள்?" படித்தவர் கூட்டக் குறிப்பை எடுத்துக் காட்டுவார். "எல்லாம் ஆள் இருக்கு" என்பவருக்கு வணக்கம் சொல்லிவிடலாம்.

இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சமும் அந்தக் கூட்டக் குறிப்புகள்தான். நிகழ்ச்சி நிரல், குறிப்புகள், முடிவுகள், அனுமதிக் கடிதங்கள், மீறல் நடவடிக்கைகள், ஒப்புதல் பெற்ற வரைபடங்கள் எல்லாவற்றையும் ஆணையம் இணையத்தில் போடவேண்டும் என்று 2011 அறிவிக்கை கட்டாயமாக்கியது. கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துத் தேடினால் பக்கத்து மனையின் தலையெழுத்தே கிடைக்கும். இலவசம். பல லட்சம் முன்பணம் கொடுக்கும் எவரும் இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம்.

அனுமதி வந்த பிறகு

கடிதத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். நிலத்தடி நீர் எடுக்கக்கூடாது, கட்டடக் கழிவைக் கடற்கரையில் கொட்டக்கூடாது, மீனவர் கடலுக்குப் போகும் பாதையை அடைக்கக்கூடாது போன்ற நிபந்தனைகள் இருக்கும். பாதை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பத்திரத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதையும் ஊரின் பாதைதான். சுற்றுச்சுவர் அதை மறித்தால் முதல் புகார் கிராமத்திலிருந்து வரும், அது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுவரை போகலாம்.

நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 31 தேதிகளில் தரவேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. தனி வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இது. இரண்டு பக்கக் கடிதமும் நான்கு புகைப்படமும் போதும். அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் போட்டிருக்கும் செல்லுபடிக் காலத்தை நாள்காட்டியில் குறியுங்கள். கட்டுமானம் இழுத்தால் அது முடிவதற்குள் நீட்டிப்புக் கேட்டாகவேண்டும், முடிந்த பிறகு அல்ல. 1:4000 வரைபடத்தின் அசல், அனுமதிக் கடிதம், ரசீதுகள் மூன்றையும் லேமினேட் செய்யாமல், மூலப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். அடுத்து வாங்குபவர் இந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு வந்தால், பட்டாவைக் கேட்பதற்கு முன் அந்த உறையைத்தான் கேட்பார்.